சீமைக் காருக்கு நான் செய்த ரேடியோ

இலங்கையில் ஒரு பாண் ரொட்டிக்குக் கடைகளில் வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராது. காரில் பூட்டும் ரேடியோ வேண்டுமென்றால், துரைமார் யாராவது தோட்டத்தை விட்டுப் போகும்போது கழற்றி விற்றால்தான் உண்டு. அதனால் நானே ஒரு ரேடியோ செய்து என் வீட்டுக்காரரின் வாடகைக் காரில் பூட்டினேன் என்று சொன்னால், இன்றைக்கும் சிலர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். பலாங்கொடை பஜாரில் அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தார்கள், நான் ஒன்றும் செத்துப்போகவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பஜாரில் ஒரு ரேடியோ கடையில் காயில் சுற்றும் வேலை பார்த்தேன். மயிர் போன்ற செப்புக் கம்பியை அறுந்துவிடாமல் சுற்ற வேண்டும். விரல் மெலிசாக இருந்தது, அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். சுற்றினோமா, கூலியை வாங்கினோமா என்று இருக்க என்னால் முடியவில்லை. இது எங்கே போகிறது, இதைப் பிடுங்கினால் என்ன ஆகும், அதைத் தொட்டால் ஏன் இரைகிறது என்று கேட்டுக் கேட்டு முதலாளியின் உயிரை வாங்கினேன். "மே கெல்லட்ட பிஸ்ஸுத?" இந்தப் பெண்ணுக்குப் பைத்தியமா என்று சிங்களத்தில் சத்தம் போடுவார். போட்டுக்கொண்டே ஒரு செத்துப்போன செட்டை என் பக்கம் தள்ளியும் விடுவார். அப்படிச் செத்த செட்டுகளைக் கிண்டித்தான் நான் கற்றுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. பஸ் ஏறாத தோட்டங்களுக்கெல்லாம் அது ஏறும். என்னைவிட அதைத்தான் அதிகம் துடைப்பார் என்று நான் குத்திக்காட்டுவேன். "நீ தானா குளிச்சுக்குவ புள்ள, அது குளிக்குமா?" என்பார். மனுஷன் வாய் பேசினால் கோபம் வராது, சிரிப்புதான் வரும்.

காரில் ரேடியோ பூட்டும் யோசனை அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. என் தங்கச்சியால் வந்தது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். மலைத்தோட்டத்தில் சித்தியோடு லயத்து வரிசை வீட்டில் இருந்தாள், தேயிலைக் கொழுந்து பறித்தாள். அப்போது இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி எங்கள் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஒரு காம்பரா அறையில் இருப்பவருக்கு இந்தியா பாஸ்போர்ட் வரும், பக்கத்துக் காம்பராக்காரருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வரும். என் வீட்டுக்காரர் இலங்கைப் பிரஜை, அதனால் நான் இங்கே. தங்கச்சிக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் தோட்டத்தின் பக்கத்து டிவிஷனிலிருந்து ஒரு மாப்பிள்ளை பெண் கேட்டு வந்தார். அவருக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்துவிட்டது. இவள் சரி என்றால் பதிவு செய்து, அவளையும் தன்னோடு எழுதிக் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிடுவார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு பதில் கேட்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

செய்தி கேட்டதும் நான் தோட்டத்துக்கு ஓடினேன்.

"போகாத. அவ்வளவுதான்," என்றேன்.

"நீ சொல்லுவக்கா. நீ பஜாருல இருக்க. நாளைக்குத் தோட்டத்துல என் பேர வெட்டினா நான் எங்க போறது?"

"எங்க வீட்டுக்கு வா."

"வந்து? உன் வீட்டுல எத்தன வருசம் மூலையில குந்தியிருக்கிறது?"

அவளே தொடர்ந்தாள். "அந்தாளு நல்லவருதாங்க்கா. எனக்குப் புடிச்சிருக்கு. அந்த ஊருதான் எனக்கு ஒண்ணுமே தெரியல. அவருக்கும் தெரியாது. அவரு தாத்தா வந்த ஊராம், பேரு மட்டுந்தான் மிச்சம். படத்துல வர்ற இந்தியா வேற. அதுல எல்லாரும் பாடிக்கிட்டே இருக்காங்க. நெசமான சனங்க எப்படிப் பேசிக்குவாங்க? நாம பேசுனா அவங்களுக்குப் புரியுமா, இல்ல கேலி பண்ணிச் சிரிப்பாங்களா? ஒரே ஒரு தடவ காதால கேட்டாப் போதும். அப்புறம் நான் பதில் சொல்லிருவேன்."

இந்தியா ஸ்டேஷனைப் பற்றித்தான் சொல்கிறாள். ஆனால் அவர்கள் தோட்டம் ஒரு பள்ளத்தில் கிடந்தது. லயத்தில் கரண்ட் கிடையாது. சித்தப்பாவின் சின்ன டிரான்சிஸ்டரில் கொழும்பு ஸ்டேஷன் வருவதே பெரும்பாடு. பஜாரில் நான் வேலை பார்த்த கடை ரேடியோவில் சாயங்காலம் இந்தியா வரும், வந்ததும் சீனாக்காரனோ அரபிக்காரனோ அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவான். பொகவந்தலாவைப் பக்கம் ஏறும் பாதையில், பாதை வளைகிற இடத்தில், வடக்கே ஒரு மறைப்பும் இல்லாத ஒரு முடக்கு இருக்கிறது. அங்கே போனால் தெளிவாகப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்த உச்சியில் வீடு கிடையாது, கரண்ட் கிடையாது. கார் மட்டும்தான் போகும், காரில் பேட்டரி இருக்கிறது.

நான் அவள் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். அதில் எனக்கு இரண்டு மனசு இல்லை. ஆனாலும் அந்த முடக்கில் நிஜமாகவே பிடிக்குமா என்று யோசிக்கத் தொடங்கியதும், வேறு எதுவும் என் தலைக்குள் நிற்கவில்லை. அப்படிப்பட்ட தலை எனக்கு.

பழைய செட்டுகளிலிருந்து டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கினேன். பிஸ்கட் டின்னின் அடிப்பாகத்தை வெட்டி அதில் எல்லாவற்றையும் உட்கார வைத்தேன். காயில் என் கைச்சுற்று. காரில் முன் சீட்டுக்கு எதிரே சின்னச் சாமான் போடும் பெட்டிக்குள் அது சரியாக நுழைந்தது. பூட்டுவதற்கு முன்னால் பேட்டரியைப் பார்த்தேன், நல்லவேளை பார்த்தேன். எல்லா ஊரிலும் பேட்டரியின் நெகட்டிவ்வைக் காரின் பாடியோடு சேர்த்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் பழைய சீமைக் காரில் பாசிட்டிவ் பாடியோடு சேர்ந்திருந்தது. வெள்ளைக்காரன் ஏன் அப்படிச் செய்தான் என்று கராஜில் யாருக்கும் தெரியவில்லை. அப்படியே முடுக்கியிருந்தால் என் டிரான்சிஸ்டர்கள் எல்லாம் ஒரே நொடியில் கருகியிருக்கும். கம்பிகளைப் பிரித்து மறுபடி மாற்றிக் கட்டினேன்.

எஞ்ஜினை ஸ்டார்ட் எடுக்காமல் ரேடியோவைப் போட்டால் கொழும்பு கணீரென்று பாடியது. வீட்டுக்காரர் குதித்தார். எஞ்ஜினை எடுத்ததும் பாட்டு போயிற்று, உள்ளே ஒரு குளவிக்கூடு கலைந்ததுபோல இரைச்சல். ஆக்சிலேட்டரை மிதித்தால் இரைச்சலும் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. மேலே போய் எஞ்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டால் போதும்தான். ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரை ஓட்டச் சொல்லி, நான் முன் சீட்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு பஜாரைச் சுற்றி வந்தேன். கார் ஸ்டாண்டில் அவருடைய கூட்டாளிகளுக்கு நல்ல வேடிக்கை. "என்ன மச்சான், அண்ணி காருக்கு ஆபரேசனா?" என்று கத்துவார்கள். "ஆமா, அடுத்தது உன் வாய்க்கு," என்று நான் கீழேயிருந்தே கத்துவேன்.

கேட்கக் கேட்க அது ஒரு சத்தம் இல்லை, இரண்டு சத்தம் என்று புரிந்தது. 'டிக் டிக்' என்று வெட்டுவது ஸ்பார்க் பிளக்கிலிருந்து வந்தது. 'உய்ய்' என்று ஊளையிடுவது டைனமோவிலிருந்து வந்தது. டைனமோவுக்கு ஒரு பழைய லொறியின் கண்டென்சரைப் பூட்டினேன், ஊளை அடங்கிற்று. வெட்டுவது மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் பானெட்டைத் திறந்து வைத்துக் கேட்டால் ஒரு மாதிரி, கையால் அழுத்தி மூடினால் வேறு மாதிரி கேட்டது. பானெட் பாடியோடு நன்றாக ஒட்டவில்லை, நடுவில் பெயிண்ட் இருக்கிறது என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கீல் பக்கத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஒரு பின்னல் கம்பியால் இரண்டையும் சேர்த்தேன்.

"பெயிண்டச் சுரண்டுறியா! பாவி!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உள்பக்கம் யாரு பார்க்கப்போறா? வாய மூடிக்கிட்டு எஞ்சின எடுங்க."

எடுத்தார். பாட்டு நின்று பாடியது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, தாலி ஏறிய அன்றைக்குக்கூட அவ்வளவு இல்லை. அவரிடமே அதைச் சொன்னேன். "சரிதான், அப்ப அந்தக் காயிலுக்கே சோறு ஆக்கிப் போடு," என்றார்.

ஏரியலுக்கு ஒரு நீண்ட பித்தளைக் குழாயை முன் மட்கார்டில் நிறுத்தினேன். பாடியில் படாமல் அடியில் ரப்பர் வைத்துப் பூட்டினேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவரும் நானும் மட்டும் அந்த முடக்குக்குப் போய்ப் பார்த்தோம். வெயில் இறங்கியதும் திருகினேன். யாரோ ஒருவர் வீணை வாசித்துக்கொண்டிருந்தார், பக்கத்து அறையில் இருந்து வாசிப்பதுபோல. வீட்டுக்காரர் கைதட்டினார். பிடிக்கிறது. நாளைக்கு அவளும் கேட்டுவிடுவாள். நான் என் கையாலேயே அவளைக் கப்பலேற்றப் போகிறேனோ என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தங்கச்சி வேலை முடிந்து, முகம் கழுவி, தோட்டத்து முச்சந்தியில் காத்திருந்தாள். ஏறியதும், "போடுக்கா, போடு," என்று பறந்தாள். மேலே போய்த்தான் போடுவேன், முதல் தடவை அங்கேதான் கேட்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வழியெல்லாம் அவள் கேள்விதான். அங்கே தேயிலை இருக்குமா, மலை இருக்குமா, மலை இல்லாத ஊரில் தண்ணீர் எங்கிருந்து ஓடிவரும் என்று கேட்டாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாத ஒரு தேசத்தைப் பற்றி அவள் அவ்வளவு ஆசையாகக் கேட்டது எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

முடக்கில் வீட்டுக்காரர் காரை நிறுத்தினார். நல்ல குளிர். நானும் அவளும் பின் சீட்டில் ஒன்றாக ஒடுங்கிக்கொண்டோம். கை எட்டி ரேடியோவைத் திருகினேன். 'ஸ்ஸ்ஸ்' என்றது. இந்தப் பக்கம் திருகினேன், அந்தப் பக்கம் திருகினேன். வீணையும் இல்லை, இந்தியாவும் இல்லை, கொழும்புகூட இல்லை.

"நேத்து வந்துச்சுதானே?" என்றார் அவர்.

"வந்துச்சு! நான் என்ன பொய்யா சொல்றேன்?"

முன்பக்கம் ஏறி உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். பியூஸ் நன்றாக இருந்தது. ஸ்பீக்கர் இரைந்தது. ஏரியல் கம்பியைச் செட்டிலிருந்து பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டதும், மெல்லிசாகக் கொழும்பு பேசியது. அப்படியென்றால் செட்டில் குறையில்லை. கம்பி வழியாக வர வேண்டியதுதான் வழியில் எங்கேயோ போய்விடுகிறது.

"நீங்க உள்ளயே இருங்க," என்று சொல்லி, ஏரியல் கம்பியை மறுபடி செட்டில் செருகிவிட்டு இறங்கினேன். கம்பியைக் கையால் தடவிக்கொண்டே மட்கார்டுவரை போனேன். ரப்பர் சரியாக இருந்தது. மேலே தடவினேன். கையில் குளிர்ச்சியாக எலுமிச்சம்பழம் பட்டது.

எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோர்த்து வெள்ளிக்கிழமைதோறும் காருக்குக் கட்டுவது அவர் பழக்கம். எங்கள் ஆட்களின் வண்டி எதுவும் அது இல்லாமல் ஓடாது. எப்போதும் பம்பரில்தான் கட்டுவார். இந்த ஏரியலைப் பார்த்துப் பஜாரே கண்ணு வைக்கிறது என்று அன்றைக்குக் காலையில் அதிலேயே கட்டியிருக்கிறார். நூல் எங்கள் ஊர் மழைக்கு இற்றுப்போகும் என்று கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறார். முடக்குகளில் ஆடிக் கண்ணாடியில் அடிக்காமல் இருக்க, கம்பியின் மறுமுனையை இழுத்து பானெட் கீலில் முறுக்கியிருக்கிறார். நான் பெயிண்ட் சுரண்டி வைத்திருந்த அதே இடத்தில். ஆகாயத்திலிருந்து வந்ததெல்லாம் அந்தக் கம்பி வழியாகக் காரின் பாடிக்குள் இறங்கிப் போய்விட்டது.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் திறந்து அந்த மனுஷனைத் திட்டப் போனேன். திட்டவில்லை. கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

இதை இப்படியே விட்டால் என்ன? அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். ஒன்றும் தெரியாத ஊருக்கு எப்படிப் போவது என்று பயந்துபோய் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இங்கேயே இருப்பாள். பஸ் ஏறிப் போய் நான் அவளைப் பார்க்கலாம். அவருக்கு இது தெரியாது, அவளுக்கும் தெரியாது. சாமியாகவே பார்த்துக் கட்டியதுபோல இருந்தது.

கண்ணாடிக்குள்ளே அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து முன் சீட்டுக்கு மேலே குனிந்து, வெறும் இரைச்சல் வரும் அந்த ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள்ளே எங்கேயாவது ஒரு சொல் இருக்குமா என்று கண்ணை மூடித் தேடிக்கொண்டிருந்தாள்.

அடிப் பாவி, என்று என்னையே திட்டிக்கொண்டு கம்பியை முறுக்கவிழ்த்தேன்.

உள்ளேயிருந்து சத்தம் வெடித்து வந்தது. ஓர் ஆணின் குரல். தங்கச்சி வீறிட்டுவிட்டாள். அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"அட! என்ன புள்ள செஞ்ச?" என்றவர், என் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்து விக்கித்துப் போனார். "ஐயையோ, சாமிக்குக் கட்டினத அவுத்திட்டியா?"

"இந்தாங்க, உங்க சட்டைப் பையில இருந்து காப்பாத்தட்டும்," என்று அதை அவர் பையில் திணித்துவிட்டு உள்ளே போய்த் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அது பாட்டும் இல்லை, நாடகமும் இல்லை. விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. நிலக்கடலையில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"நிலக்கடலைன்னா நம்ம கச்சான்தானேக்கா?"

"அதுதான்னு நினைக்கிறேன். பேசாம கேளு."

அடுத்து ஒரு பெண்ணும் ஒரு கிழவரும் பேசினார்கள். கிணறு வற்றிப்போய் இரண்டு மைல் நடந்து தண்ணீர் எடுப்பதாக அந்தப் பெண் சொன்னாள். "என்னங்க செய்யறது, நாங்களும் மாரியம்மாளுக்குப் பொங்க வச்சுப் பாத்துட்டோம்," என்றாள்.

தங்கச்சி என் தொடையில் அடித்தாள். "அக்கா! 'நாங்க'ங்கிறா! 'என்னங்க'ங்கிறா! நம்ம சித்தி மாதிரியே இழுக்கிறா பாரேன்! மாரியம்மா அங்கயும் இருக்காக்கா!" அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. எனக்கும் ஆச்சரியம் தாங்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் லயத்துப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பேசுவதுபோலப் பேசுகிறாள். அவர்கூட முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

பிறகு வானிலை சொன்னார்கள். எங்கெங்கோ ஊர்ப் பெயர்கள் வந்தன. மாப்பிள்ளையின் தாத்தா ஊர் எந்த ஜில்லாவோ, அந்த ஜில்லாவின் பெயரும் வந்தது. அங்கே மழைக்கு வாய்ப்பு இல்லை, வறண்ட வானிலையே நீடிக்கும் என்றார்கள். தங்கச்சி சிரிப்பை நிறுத்தினாள். நிகழ்ச்சி முடிந்து ஒரு பாட்டு தொடங்கியது.

குளிருக்கு எங்கள் இரண்டு பேர் மேலும் அவளுடைய கம்பளி கிடந்தது. கொழுந்துக்குப் போகும்போது மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வது. தன் பக்கத்தில் கிடந்ததை எடுத்து, மடித்து, என் மடியில் வைத்தாள்.

"அங்க மழையே இல்லையாம்க்கா. இத நீயே வச்சுக்க."

நான் அழுதேன். சும்மா கண் கலங்குவது இல்லை, வாய்விட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளைபோல அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் பதறிப்போய் ரேடியோவைத் தட்டிப் பார்த்தார்.

"ஏன் புள்ள அழுகுற? நல்லாத்தானே கேக்குது?"

"ஆமாங்க," என்றேன். "நல்லாத்தான் கேக்குது."